வால்ஷார்ட்ஸ் வால்வு கியர்: இடப்பக்கம் நொண்டுகிறது, எங்கிருந்து பிரிப்பது?

#1 நீராவி_நேசன்

வணக்கம். மாதிரி நீராவி எஞ்சின், 5 அங்குல கேஜ் (தண்டவாள இடைவெளி), 0-6-0 சக்கர அமைப்பு. வெளியே இரண்டு சிலிண்டர், ஸ்லைடு வால்வு, அதை இயக்க வால்ஷார்ட்ஸ் கியர். முன்னோட்டத்துக்கு டை பிளாக் (லிங்க் என்னும் ஆடும் தகட்டின் வளைந்த பள்ளத்தில் நழுவும் கட்டை) லிங்க்கின் கீழ்ப்பாதியில். ஸ்ட்ரோக் 50 மி.மீ., வரைபடப்படி லேப் (வால்வு நடுவில் நிற்கும்போது போர்ட்டைத் தாண்டி மூடும் அளவு) 2.4, லீட் (பிஸ்டன் திரும்பும் நேரத்தில் போர்ட் திறந்திருக்கும் அளவு) 0.15. கொதிகலன் அழுத்தம் 5.5 பார்.

குறைகள் இவை. புகைபோக்கியில் ஒரு சுற்றுக்கு வரும் நான்கு அடியும் (நீராவி வெளியேறும் ஒலி) ஒன்றுபோல் விழவில்லை. கட்-ஆஃப் (ஸ்ட்ரோக்கில் நீராவி நிறுத்தப்படும் இடம்) குறைத்து ஓட்டினால் நொண்டல் கூடுகிறது. ரிவர்ஸரை (திசை மாற்றும் நெம்புகோலை) நடுவில் வைத்து, நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறந்தால் எஞ்சின் முன்னோக்கி மெல்ல நகர்கிறது. பின்கள் எல்லாமே கையால் ஆட்டினால் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. எல்லா புஷ்ஷையும் மாற்றிவிட்டு வால்வு செட்டிங் பார்க்கலாமா, இல்லை முதலில் செட்டிங்கா?

#2 கிராங்க்பின்

எதையும் கழற்றாதீங்க. பிரிச்சுட்டா நோய் எங்கேன்னு சொல்ற சாட்சி போயிடும். முதல்ல காதால ஒரு சோதனை.

ரெண்டு பக்க கிராங்க்கும் 90 டிகிரி தள்ளி இருக்கறதால அடிகள் இடம், வலம், இடம், வலம்னு மாறி மாறி வரும். அப்போ 1-ம் 3-ம் ஒரு சிலிண்டர், 2-ம் 4-ம் இன்னொண்ணு. 1 பலமா, 3 மெலிசா இருந்தா அந்தப் பக்க வால்வு முன்னாலயோ பின்னாலயோ தள்ளி நிக்குது. 1-ம் 3-ம் சேர்ந்தே மெலிசுன்னா அந்தப் பக்கம் முழுசுமே கட்-ஆஃப் வேற, இல்லைன்னா போர்ட் முகத்துல (வால்வு உரசற பரப்புல) கசிவு.

அடுத்தது, இதே சோதனையை பின்னோட்டத்துலயும் பண்ணுங்க.

முன்னாலயும் பின்னாலயும் அதே அடிதான் பலம்னா தப்பு வால்வு ஸ்பிண்டில்ல (வால்வைத் தள்ளி இழுக்கற கம்பியில), நட்டுல. திசை மாத்தினதும் பலமான அடி மெலிசாகி மெலிசானது பலமாச்சுன்னா லிங்க் நடுநிலை தவறி நிக்குது, அதாவது எக்சென்ட்ரிக் ராடு (ரிட்டர்ன் கிராங்க்கிலிருந்து லிங்க்குக்குப் போற கம்பி) நீளம் சரியில்லை. டை பிளாக் டிரனியனுக்கு (லிங்க் ஆடற அச்சுக்கு) கீழ இருந்து மேல போறப்போ லிங்க்கோட சாய்வு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், அதான் காரணம். ஒரு பக்க அடி ரெண்டும் சமம், ஆனா ஒரு திசையில அந்தப் பக்கம் கெட்டி, மறு திசையில சோகைன்னா ரிட்டர்ன் கிராங்க் (கிராங்க்பின் வெளிமுனையில இருக்கற சின்ன கிராங்க்) கோணம் நகர்ந்திருக்கு.

#3 நீராவி_நேசன்

நன்றி கிராங்க்பின். காற்றில் 1.2 பாரில் ஓட்டிப் பார்த்தேன். முன்னோட்டத்தில் இடப்பக்கத்தின் முன் முனை பலம், பின் முனை மெலிவு. பின்னோட்டத்தில் அப்படியே தலைகீழ். வலப்பக்கம் இரண்டும் சமம்.

சக்கரத்தைக் கட்டிவைத்து, ஃபுல் கியரில் (ரிவர்ஸர் கோடியில்) இடப்பக்க ஸ்பிண்டிலில் டயல் கேஜ் வைத்து விரலால் தள்ளி இழுத்ததில் மொத்த ஆட்டம் 0.8 மி.மீ. ஒவ்வொரு மூட்டாக அளந்தது:

டை பிளாக், லிங்க் பள்ளத்துக்குள்: 0.25
டை பிளாக் பின்: 0.08
ரேடியஸ் ராடு (டை பிளாக்கிலிருந்து காம்பினேஷன் லீவருக்குப் போகும் கம்பி) முன்முனைப் பின்: 0.12
லிங்க் டிரனியன்: 0.10
லிங்க் வால் பின் (எக்சென்ட்ரிக் ராடு மாட்டும் இடம்): 0.15
ரிட்டர்ன் கிராங்க் பின்: 0.20
யூனியன் லிங்க் (பிஸ்டன் ராடு முனையிலுள்ள கிராஸ்ஹெட்டைக் காம்பினேஷன் லீவரோடு இணைப்பது), இரண்டு முனையும்: தலா 0.20
ஸ்பிண்டில் ஃபோர்க் பின்: 0.06

காம்பினேஷன் லீவரில் (ரேடியஸ் ராடு, கிராஸ்ஹெட் இரண்டின் அசைவையும் சேர்த்து வால்வுக்குத் தருவது) ஸ்பிண்டில் பின்னுக்கும் ரேடியஸ் ராடு பின்னுக்கும் இடையே 5 மி.மீ., அங்கிருந்து யூனியன் பின்வரை 49. டிரனியன் மையத்திலிருந்து வால் பின் 40, ஃபுல் கியரில் டை பிளாக் 17.

#4 பழைய_லேத்

இப்படி அளந்து போட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. ஒவ்வொரு மூட்டின் ஆட்டமும் நெம்புகோல் விகிதத்தில்தான் வால்வை அடைகிறது. உங்கள் அளவுகளை வைத்தே பார்ப்போம்.

யூனியன் லிங்க்: இரண்டும் சேர்ந்து 0.40. வால்வுக்குப் போவது 5/49 பங்கு, சுமார் 0.04. கண்ணுக்கு மிகவும் லொடலொடவென்று தெரிவது இதுதான். கெடுதல் மிகக் குறைந்ததும் இதுதான்.

ரேடியஸ் ராடு முன்முனைப் பின்: 54/49, அதாவது 1.1 மடங்கு. 0.12 என்பது 0.13 ஆகிவிடும். டை பிளாக்கும் அதன் பின்னும் அதே வழியில்: 0.33 என்பது 0.36.

ரிட்டர்ன் கிராங்க் பின்னும் வால் பின்னும் சேர்ந்து 0.35. முதலில் 17/40, பிறகு 1.1. கிடைப்பது 0.16.

டிரனியன்: வால் பின்னைப் பிடித்துக்கொண்டு டிரனியன் நகர்ந்தால் டை பிளாக் இருக்கும் இடம் 23/40 பங்கு நகரும். 0.10-க்கு 0.06. ஃபோர்க் பின் நேராக 0.06.

கூட்டினால் 0.81 வருகிறது. நீங்கள் அளந்த 0.8-உடன் பொருந்துகிறது. ஆக, பட்டியலில் வராத மூட்டு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

0.8 மொத்த ஆட்டம் என்றால் வால்வு எப்போதும் 0.4 பின்தங்கி இழுபடும். லீட் 0.15 தான். பிஸ்டன் திரும்பும் நேரத்தில் போர்ட் இன்னும் 0.25 மூடியே இருக்கிறது. செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் இது போகாது.

கட்-ஆஃப் குறைத்தால் ஏன் கூடுகிறது என்பதற்கும் விடை இதிலேயே உண்டு. டை பிளாக் டிரனியனிலிருந்து 7 மி.மீ.-க்கு வந்ததும் ரிட்டர்ன் கிராங்க் ஆட்டத்தின் பங்கு 0.47-லிருந்து 0.19-க்கு இறங்கும். டிரனியனின் பங்கோ 0.63-லிருந்து 0.91-க்கு ஏறும். டை பிளாக்கின் ஆட்டம் குறைவதே இல்லை. குறைவது வால்வின் நடை மட்டும். சிறிய நடையில் அதே ஆட்டம் என்றால் நொண்டல் பெரிதாகத்தானே கேட்கும்?

வரிசை: டை பிளாக்கும் பள்ளமும், ரேடியஸ் ராடு முன்முனைப் பின், டிரனியன், ரிட்டர்ன் கிராங்க். யூனியன் லிங்க் கடைசி.

#5 அரவேலை

வரிசை சரிதான். ஆனால் யூனியன் லிங்க்கை அப்படியே விடச் சொல்லாதீங்க லேத் அண்ணே. 0.2 ஆட்டம் இருக்கிற பின் வேகமாகத் தேயும், ஒருநாள் உருவிக்கொண்டு போகும். காம்பினேஷன் லீவர் தொங்கி ஸ்பிண்டிலை வளைத்தால் வேலை இரண்டு மடங்கு. கியர் கையில் இருக்கும்போதே அதையும் முடிப்பது நல்லது.

இப்போது லிங்க் பள்ளம். புது டை பிளாக் மட்டும் போட்டால் ஏமாற்றம்தான். பள்ளம் நடு ஓட்ட இடத்தில் அகன்றும் ஓரங்களில் பழைய அளவிலும் இருக்கும். அகன்ற இடத்துக்குப் பொருத்தினால் ஃபுல் கியருக்குப் போகும்போது இறுகும். டிரில் ஷாங்க்குகளை அளவுகோலாக நுழைத்து ஐந்தாறு இடத்தில் அகலம் பாருங்கள்.

#6 நீராவி_நேசன்

பார்த்தேன். ஓரங்களில் 6.02, அதிகம் ஓடும் இடத்தில் 6.20. பழைய பிளாக் 5.95. லிங்க் கடினப்படுத்தப்படவில்லை, அரம் கடிக்கிறது. ரேடியஸ் ராடு நீளம் 110.

#7 அரவேலை

அரம் கடித்தால் அதிர்ஷ்டம். ரோட்டரி டேபிளில் 110 ஆரத்தில் பொருத்தி, புது எண்ட் மில்லால் பள்ளம் முழுவதையும் 6.25-க்குத் திறந்துவிடுங்கள். இரு சுவரிலிருந்தும் சமமாக எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் பள்ளத்தின் நடுக்கோடு டிரனியன் மையத்தை விட்டு விலகும், பிறகு மிட் கியர் (டை பிளாக் டிரனியனுக்கு நேரே நிற்கும் நடுநிலை) என்று ஒன்று எங்கேயும் கிடைக்காது. ரோட்டரி டேபிள் இல்லையென்றால் அதே வளைவில் பித்தளைக் கட்டை ஒன்று செய்து, அரைக்கும் பசை தடவி ஓட்டலாம். ஓரங்களில் 0.2 தேய்த்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கும். முடிந்ததும் மண்ணெண்ணெயில் பலமுறை கழுவுங்கள். பசை ஒட்டிக்கிடந்தால் அரைப்பது தொடரும்.

டை பிளாக் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். நேர்ப்பக்கம் கொண்ட செவ்வகக் கட்டையைப் போட்டுவிடுகிறார்கள். 10 மி.மீ. நீளக் கட்டைக்கு 110 ஆர வளைவில் நடு உயரம் 0.11 மி.மீ. நேர்க்கட்டை நுழைய வேண்டுமென்றால் அதை 0.11 ஒல்லியாக்க வேண்டும். அப்போதும் வெளிவளைவில் இரண்டு மூலையும் உள்வளைவில் நடுக்கோடும்தான் தொடும். கோட்டுத் தொடுகை சீக்கிரம் தேயும், போட்ட கொஞ்ச நாளில் பழைய ஆட்டம் திரும்பும். பக்கங்களை வளைவாக்குங்கள். ஃபேஸ்பிளேட்டில் கட்டையை 110 ஆரத்தில் பிடித்து, ஒரு பக்கத்தை 113.12-க்கும் மறுபக்கத்தை 106.88-க்கும் கடைந்தால் முடிந்தது. அகலம் 6.24. மாட்டுவதற்கு முன் மூலைகளில் பிசிறு நீக்குங்கள். எண்ணெய்க்கு நடுவில் 1 மி.மீ. துளை.

பொருள் பாஸ்பர் பிரான்ஸ். பிளாக் தேயட்டும், லிங்க் தேயக் கூடாது. கட்டையை மாற்றுவது ஒரு மணி நேர வேலை.

#8 பழைய_லேத்

பிரான்ஸ் சரி. லிங்க்கைக் கடினப்படுத்திவிட்டு ஸ்டீல் பிளாக் போடுவோரும் உண்டு. ஆனால் சூடாக்கித் தணிக்கும்போது வளைந்த லிங்க்கை நேராக்குவது பெரும்பாடு. மெல்லிய தகட்டில் தேவையில்லாத ஆபத்து.

#9 நீராவி_நேசன்

புஷ் வேலையில் ஒரு சந்தேகம். துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. அடுத்த அளவு ரீமரை ஓட்டி பெரிய பின் போடலாமா? எக்சென்ட்ரிக் ராடு நீளமும் தவறு என்று தெரிகிறதே.

#10 பழைய_லேத்

ரீமர் இருக்கும் துளையைத் தொடர்ந்து போகும். நீள்வட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே மையமும் போகும். ராடு நீளம் இப்போது தவறியிருப்பதற்கே ஒருவேளை அதுதான் காரணம். ஆகவே போரிங் செய்துதான் புஷ் போட வேண்டும். தேயாத வெளிவட்டத்தை வைத்து மையம் பிடியுங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு தட்டில் வரைபட மைய தூரத்தில் இரண்டு பின் அடித்த ஜிக். ஒரு முனையை முடித்து ஜிக்கில் மாட்டி மறுமுனையைப் போரிங் செய்தால் நீளம் பிசகாது.

புஷ் வெளிவிட்டம் 6 மி.மீ. என்றால் 0.02 இறுக்கத்தில் அழுத்திப் பொருத்துங்கள். உள்ளே கொஞ்சம் சுருங்கும், கடைசியாக ரீமர் ஓட்டிக்கொள்ளலாம். ரிட்டெய்னிங் பசை என்றால் 0.03 முதல் 0.05 இடைவெளி விடுங்கள். 5.5 பாரில் நிறைவுற்ற நீராவி 162 டிகிரி. பல பசைகள் 150-க்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும். ரிட்டர்ன் கிராங்க், லிங்க் பக்கமெல்லாம் அந்தச் சூடு வராது, பசை போதும். ஸ்பிண்டில் ஃபோர்க் கிளாண்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே பசையை நம்பாமல் அழுத்திப் பொருத்துவதே மேல்.

எண்ணெய் ஊறிய சின்டர்டு புஷ் போடுவதானால் உள்ளே ரீமர் ஓட்டாதீர்கள். நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளிவராது.

பின்களுக்கு சில்வர் ஸ்டீல். செர்ரிச் சிவப்பு வரச் சூடாக்கி தண்ணீரில் தணித்து, பளபளப்பாகத் தேய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை பதம் இறக்குங்கள். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடையே 0.02 போதும். அதற்குக் கீழே இறுக்கினால் ராடு சற்றே சாய்ந்தாலும் பிடிக்கும்.

எக்சென்ட்ரிக் ராடின் வால்முனை புஷ்ஷை மட்டும் இப்போது முடிக்க வேண்டாம். நீளம் தெரிந்த பிறகுதான்.

#11 ஹார்ன்பிளேட்

ஒருவரும் ஆக்சில்பாக்ஸ் (சக்கர அச்சைத் தாங்கும் பெட்டி) உயரம் பேசவில்லையே? ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் சக்கரம் ஸ்பிரிங்கில் தொங்கும், ஓடும் உயரத்தைவிட 2, 3 மி.மீ. கீழே. அந்த நிலையில் செட் செய்தது தண்டவாளத்தில் செட்டாகவே இருக்காது. ஹார்ன்ஸ்டேக்கும் (ஆக்சில்பாக்ஸுக்குக் கீழுள்ள குறுக்குத் தகடு) ஆக்சில்பாக்ஸுக்கும் நடுவில் தகடு செருகி, டிரைவிங் அச்சு வரைபட உயரத்தில் இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். அதன் பிறகே டெட் சென்டர் (பிஸ்டன் கோடியில் திரும்பும் நிலை) தேடுவது.

#12 கிராங்க்பின்

ஹார்ன்பிளேட் சொன்னதுதான் முதல் வேலை. அதுக்கப்புறம் செட்டிங்:

டெட் சென்டரைக் கண்ணால பார்க்காதீங்க. அந்த இடத்துல கிராங்க் பல டிகிரி சுத்தினாலும் கிராஸ்ஹெட் அசையற மாதிரியே தெரியாது. ஸ்ட்ரோக் முடிய 5 மி.மீ. இருக்கறப்போ கிராஸ்ஹெட் விளிம்பை ஸ்லைடு பார்ல கோடு போடுங்க. பிரேம்ல ஒரு பஞ்ச் குறியில டிராமல் (ரெண்டு கூர்முனை உள்ள அளவுக் கம்பி) வெச்சு சக்கர டயர்ல கோடு. டெட் சென்டரைத் தாண்டி கிராஸ்ஹெட் அதே கோட்டுக்குத் திரும்பினதும் டயர்ல ரெண்டாவது கோடு. ரெண்டுக்கும் நடுப்புள்ளிதான் டெட் சென்டர். கனெக்டிங் ராடு மூட்டுல இருக்கற ஆட்டம் இந்த அளவைக் கெடுக்கும். ரப்பர் பேண்டால கிராஸ்ஹெட்டை எப்பவும் ஒரே பக்கம் இழுத்துக் கட்டிடுங்க.

அடுத்து லிங்க் நடுநிலை. ஸ்பிண்டில்ல டயல் கேஜ் வெச்சு, ரிவர்ஸரை முன்கோடியிலிருந்து பின்கோடி வரை நகர்த்துங்க. ஊசி அசையாத இடம் வர்றவரை லிங்க்கைச் சாய்ச்சுப் பார்த்து சின்ன கிளாம்பால பிடிச்சுக்குங்க.

இப்போ எக்சென்ட்ரிக் ராடைக் கழற்றி வெச்சுட்டு, முன் டெட் சென்டர்ல வால் பின் மையத்துக்கும் ரிட்டர்ன் கிராங்க் பின் மையத்துக்கும் உள்ள தூரத்தை டிராமல்ல எடுங்க. பின் டெட் சென்டர்ல அதையே மறுபடி. ரெண்டும் சமமாகற வரை ரிட்டர்ன் கிராங்க்கைத் திருப்புங்க. சமமானா கோணம் சரி. அந்தச் சமமான தூரம்தான் எக்சென்ட்ரிக் ராடோட நீளம். ஒரே வேலையில ரெண்டு விடை.

கோணமானியில 90 வெச்சு செட் பண்றவங்க இருக்காங்க. வால் பின் பெரும்பாலும் அச்சு மையத்துக்கு மேல இருக்கும். அதனால மெயின் கிராங்க்கிலிருந்து கோணம் சரியா 90 வராது. டிராமல் அதையும் சேர்த்தே கணக்குல எடுத்துக்கும்.

திசையையும் பார்த்துக்குங்க. ஸ்லைடு வால்வு, முன்னோட்டம் லிங்க்கின் கீழ்ப்பாதியில: ரிட்டர்ன் கிராங்க் மெயின் கிராங்க்குக்கு முன்னால போகணும். உள் அட்மிஷன் (நீராவி வால்வின் நடுவிலிருந்து போற) பிஸ்டன் வால்வா இருந்தா பின்தொடரும்.

#13 நீராவி_நேசன்

பள்ளம் 6.25, புது டை பிளாக், லிங்க் டிரனியன், ரேடியஸ் ராடு, ரிட்டர்ன் கிராங்க் பின், யூனியன் எல்லாம் முடிந்தது. ஸ்பிண்டிலில் மொத்த ஆட்டம் இப்போது 0.15. டிராமலில் வந்த நீளத்தைவிட இடப்பக்க எக்சென்ட்ரிக் ராடு 0.4 குட்டை. ரிட்டர்ன் கிராங்க் கோணம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. புது ராடு வெட்ட வேண்டுமா?

#14 பழைய_லேத்

வேண்டாம். 0.4-க்கு வால்முனையில் எக்சென்ட்ரிக் புஷ் போதும். நான்கு தாடை சக்கில் 0.4 தள்ளிப் பிடித்து உள்துளையைப் போடுங்கள். அதனால்தான் அந்த முனையை விட்டுவைக்கச் சொன்னேன். தடித்த பக்கம் ராடின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போது நீளம் கூடும். புஷ் சுவர் மெல்லிய பக்கத்தில் 1 மி.மீ.-க்குக் குறையாமல் வெளிவிட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பசை காயும்வரை ஜிக்கில் இருக்கட்டும்.

அந்த 0.4 வால்வில் எவ்வளவு தெரியுமா? 0.47 மடங்கு, சுமார் 0.19. உங்கள் லீட்டைவிடப் பெரியது.

#15 அரவேலை

ஸ்டீம் செஸ்ட் (வால்வு இருக்கும் பெட்டி) மூடியைத் திறக்கும்போது இரண்டு விஷயம். வால்வின் முதுகிலுள்ள நட்டு முன்பின்னாக ஆடக் கூடாது; மேலும் கீழும் தாராளமாக நகர வேண்டும். நீராவிதான் வால்வைப் போர்ட் முகத்தில் அழுத்துகிறது. நட்டு பிடித்துத் தூக்கினால் வால்வு அந்தரத்தில் நின்று புகைபோக்கிக்கு நேரே ஊதும். வால்வு கியரில் குறை தேடிக்கொண்டே இருப்போம்.

முகத்தில் கோடுகள் இருந்தால் கண்ணாடித் தட்டில் 400, பிறகு 600, 1000 வாட்டர் பேப்பர், எண்ணெய் விட்டு எட்டு போடும் விதத்தில் தேயுங்கள். வால்வையும் போர்ட் முகத்தையும் ஒன்றோடொன்று பசை போட்டுத் தேய்க்க வேண்டாம், இரண்டிலும் பள்ளம் விழும்.

#16 கிராங்க்பின்

கடைசி செட்டிங் மிட் கியர்ல. வால்ஷார்ட்ஸ்ல லீட் எல்லா கட்-ஆஃப்லயும் ஒண்ணுதான், அதனால மிட் கியர்ல முன் டெட் சென்டர், பின் டெட் சென்டர் ரெண்டுலயும் போர்ட் திறப்பு சமமா இருந்தா போதும். ஸ்பிண்டில் மரை அங்குலத்துக்கு 40 என்றால் ஒரு சுத்து 0.635 மி.மீ., பள்ளத்துல நட்டு அரைச்சுத்தாதான் திரும்பும்னா 0.32. இதைவிட நுணுக்கம் வேணும்னா ஃபோர்க் முனையில ஷிம்.

0.15 லீட்டை 0.3 ஆக்கலாமான்னு கேக்காதீங்க, யாராவது கேப்பாங்க. சின்ன எஞ்சின் மெதுவா ஓடறது; லீட் கூடினா கிளம்பறப்போ எதிர் உதை தெரியும்.

#17 ஹார்ன்பிளேட்

லீட் விஷயத்தில் சிறு மாற்றுக் கருத்து. ஆட்டம் 0.15 மீதி இருப்பதால் 0.2 வரை வைப்பதில் தவறில்லை. அதற்கு மேல் நானும் ஒப்பமாட்டேன். ஆனால் லீட்டைக் கூட்ட வழி காம்பினேஷன் லீவர் விகிதத்தில்தான் இருக்கிறது, நட்டில் இல்லை. நட்டைத் திருகினால் ஒரு முனையில் கூடுவது மறுமுனையில் குறையும்.

#18 இரட்டை_எக்சென்ட்ரிக்

ஸ்டீபன்சன் கியர் (இரண்டு எக்சென்ட்ரிக் கொண்ட வேறு வகை வால்வு கியர்) வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். ராடுகள் பின்னாத அமைப்பில் மிட் கியரை நோக்கிப் போகப் போக லீட் ஏறும். ஆகவே வழக்கமாக ஓடும் கட்-ஆஃப் நிலையில் லீட்டைச் சமப்படுத்துங்கள். அங்கே பெரும்பாலும் குற்றவாளி அச்சில் நழுவிய எக்சென்ட்ரிக் திருகுதான். இந்த இழைக்கு அவ்வளவு போதும்.

#19 நீராவி_நேசன்

எக்சென்ட்ரிக் புஷ் போட்டாகிவிட்டது. லீட் இரு முனையிலும் 0.15. காற்றில் 0.7 பாரிலேயே ஓடுகிறது, நான்கு அடியும் சமம். ஆனால் ரிவர்ஸர் நடுவில் இருந்தால் இன்னும் எஞ்சின் முன்னோக்கி ஊர்கிறது.

#20 பழைய_லேத்

ரிவர்ஸர் நடு என்பதும் லிங்க்கின் நடு என்பதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைச் சுற்றாமல், இரு பக்க எக்சென்ட்ரிக் ராடையும் வால் பின்னிலிருந்து கழற்றி லிங்க்கை மட்டும் கையால் ஆட்டுங்கள். மிட் கியரில் ரேடியஸ் ராடு அசையக் கூடாது. இடப்பக்கம் அசையாத நிலையில் ரிவர்ஸரைப் பூட்டிவிட்டு வலப்பக்கத்தை ஆட்டுங்கள். அங்கே அசைந்தால் வெய்ஷாஃப்ட்டின் (ரேடியஸ் ராடுகளைத் தூக்கி இறக்கும் குறுக்கு அச்சு) இரு லிஃப்டிங் ஆர்மும் ஒரே கோணத்தில் இல்லை. ஒன்றின் பின்னைத் தட்டி எடுத்து, இரண்டையும் ஒரே கம்பி நுழைத்துச் சமப்படுத்தி, அடுத்த அளவு டேப்பர் பின்னுக்குத் துளை போடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் ரீச் ராடு (ரிவர்ஸரிலிருந்து வெய்ஷாஃப்ட்டுக்கு வரும் கம்பி) நீளம் மட்டும் சரிசெய்தால் போதும்.

#21 நீராவி_நேசன்

வலப்பக்கம் அசைந்தது, இடப்பக்கத்தைவிட 1 மி.மீ. கீழே. ஆர்மைச் சமப்படுத்தியதும் ஊர்வது நின்றுவிட்டது. ரிட்டர்ன் கிராங்க்கை இப்போது பின் அடித்துவிடலாமா? கிராங்க்பின் வால் 8 மி.மீ., பின்ச் போல்ட் இருக்கிறது.

#22 கிராங்க்பின்

உடனே வேண்டாம். பின்ச் போல்ட்டை இறுக்கி, கிராங்க்பின் முனைக்கும் கிராங்க்குக்கும் குறுக்கே ஸ்கிரைபரால ஒரு மெல்லிய கோடு போட்டுட்டு நீராவியில ஓட்டுங்க. ஆறினதும் கோடு நேரா இருக்கா பாருங்க, டிராமலையும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க. அசையலைன்னா ரெண்டும் சேர்ற வட்டக்கோட்டுல, பாதி அதுல பாதி இதுலன்னு, நீளவாக்குல 1.5 மி.மீ. துளை போட்டு டேப்பர் பின். கழற்றணும்னா வெளிய இழுக்க ரெண்டு மி.மீ. நீட்டி விடுங்க. துளை போடறப்போ உலோகச் சீவல்கள் ரிட்டர்ன் கிராங்க் புஷ்ஷுக்குள்ள போகும், துணி சுத்திட்டுப் போடுங்க.